சாய்ந்த பதின்மூன்று

பிப்ரவரி. கட்டோவிட்செ.
லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடிச் சமையலறையில்
ஒரு நகரத்தைப் பரப்பி வைத்திருந்தாள் போக்னா:
கத்தரித்த அட்டை, மூன்று நிறப் பேனா,
கரி படிந்த ஜன்னலோரம்
இரண்டாம் முறைக்காகக் காயும் டீப் பை.

அந்த நகரத்தில்
டிராகன்கள் தங்கத்தின் மேல் படுப்பதில்லை.
கடன் பத்திரங்களின் மேல் படுக்கின்றன.
மந்திரத்துக்கு மாதச் சந்தா.
தவணை தவறிய எல்ஃபிடமிருந்து
முதலில் பாட்டை எடுப்பார்கள்
அப்புறம் காதை.

நான் டிராம் ஓட்டுகிறவன்.
வியாழக்கிழமைகளில் மட்டும்
வாடகைக் கை பொருத்திய குள்ளன்.
பத்து மணிக்கு மேல் அதன் விரல்கள் மடங்காது,
ஒப்பந்தம் அப்படி.
என் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துத்தான்
அந்த விதியை எழுதினாளாம்.

பெரிய கம்பெனி ஒன்றுக்கு அனுப்பினாள்.
‘மின்கம்பியா, மந்திரமா,
ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்’
என்று இரண்டு வரி வந்தது.
குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள்,
பாலுக்கும் பூண்டுக்கும் காவலாக.

பிறகுதான் கூட்டுநிதி.
முப்பது நாள், அறுபதாயிரம் ஸ்லோட்டி.
ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பார்கள்.
இங்கே ஊர் இல்லை.
ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத ஆட்கள்
அவரவர் நாட்டு இரவில்
கட்டைவிரலால் வடத்தைத் தொட்டுவிட்டுத்
தூங்கப் போய்விடுகிறார்கள்.
தேர் நகர்ந்ததா என்று
காலையில்தான் தெரியும்.

பதினெட்டாம் நாள் நகரவில்லை.
பல் கட்டும் கூடத்தில் அவளுக்கு இரவு வேலை.
யாரோ ஒருவரின் கடைவாயை மெழுகில் செதுக்கியபடி
இடது கையால் திரையை இழுத்து இழுத்து விட்டாள்,
தண்ணீர் வராத அடிபம்பை அடிப்பதுபோல.

அன்றைக்கு ஒருவர்
ஒரே ஒரு ஸ்லோட்டி போட்டார்.
பரிசு வேண்டாம். பெயர் இல்லை.
‘அந்த எல்ஃபுக்குக் காது திரும்பக் கிடைக்குமா?’
என்று மட்டும் ஒரு வரி.

நாலு பக்கம் பதில் எழுதினாள்.
இரண்டு பல் வீணாயிற்று.

கடைசி இரவில் நிறைந்தது, கொஞ்சம் வழிந்தது.
கீழ்வீட்டு டோப்ரோஸ்வாவா தூங்குவதால்
நாங்கள் சத்தமில்லாமல் குதித்தோம்.
ஆறிப்போன பியெரோகியை
நின்றபடியே தின்றோம்.

அப்புறம் காகித விலை ஏறியது.
அச்சகம் இடையில் கைமாறியது.
ஜூனில் வருவதாகச் சொன்னவை
அடுத்த ஜனவரியில் வந்தன:
ஆயிரத்து நூறு பெட்டி, எழுபத்திரண்டு படி.
பெருக்கிப் பார்க்காதீர்கள்.
நான் பார்த்தேன், பார்த்தபிறகு
சுமப்பது கஷ்டமாக இருந்தது.

குளியல்தொட்டியில் அடுக்கியபோது ஒன்று கிழிந்து
பகடை உருண்டது.
இருபது முகம்.
ஒன்று என்ற எண் எதிலும் இல்லை.
பதின்மூன்று இரண்டு தடவை.

ஒன்று விழுந்தால்தான்
அந்த நகரத்தில் யாரும் சாகமுடியும்.
இப்போது யாருக்கும் சாவில்லை.
டிராகனுக்கும்தான்.

நாற்பது பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.
கொடுத்தாள்.
ஒருவர் வக்கீல் பெயரைச் சொன்னார்.
அவருக்கும் கொடுத்தாள்.
மற்றவர்கள் கேட்டது வேறு:
இரண்டு பதின்மூன்றில்
ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கிறதே,
அதற்கு என்ன அர்த்தம்?

அர்த்தம் எதுவும் இல்லை. அச்சு நகர்ந்திருக்கிறது.
ஆனால் அன்றிரவு
சிகரெட் அட்டை அளவுக்கு ஒரு சீட்டு அடித்தோம்:
‘சாய்ந்த பதின்மூன்று விழுந்தால்
எங்கோ ஒருவருடைய கடன்
தவறுதலாக அழிந்துபோகும்.’

கணக்கு முடித்ததில் மிஞ்சியது
முந்நூற்றுப் பதினாறு ஸ்லோட்டி.
அவள் இன்னும் பல் செதுக்குகிறாள்.
குளிர்பெட்டியின் மேல்
முகவரி இல்லாத ஒரு பெட்டி இருக்கிறது,
அந்த ஒரு ஸ்லோட்டிக்காரருக்கு.
தூசி தட்டுவாள், திறக்கமாட்டாள்.

நேற்று வியாழன்.
மணி பத்து தாண்டி என் விரல்கள் மடங்கவில்லை.
உள்ளங்கையால் தள்ளினேன்.
மேஜை விளிம்புவரை ஓடி
சாய்ந்து நின்றது.

யாருடைய கடன் என்று
போக்னா சொல்லவில்லை.
பென்சிலை எடுத்தாள், வைத்தாள்.
கீழே, நான் ஓட்டாத கடைசி டிராம்
வளைவில் கீறிச்சிட்டுத் திரும்பியது.